தளபதியின் சிவப்புப் பேனா

பழைய காகிதத்தைத் தொடுவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கழுவிய கை பத்து நிமிடம் தானாகக் காய வேண்டும், துண்டில் துடைத்தால் நூல் ஒட்டும் என்று சொன்னால்தான் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்தீர்கள், ஐயா. இந்தக் காவல் நிலையத்துக்கு நான் வந்த இரண்டு நாளில் நீங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான். மற்றபடி பொறுமையான மனிதர். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதினால் காகிதத்துக்கு நல்லது.

போர் நடக்கும்போது படைத்தளபதிகள் கைப்பட எழுதிய கடிதங்களை இருபத்தாறு வருடமாகச் சேர்க்கிறேன். தட்டச்சு செய்ததைத் தொடமாட்டேன். போர் முடிந்த பிறகு எழுதியதும் வேண்டாம். ஓய்வு பெற்ற தளபதிகள் எழுதுவதெல்லாம் முழங்கால் வலியைப் பற்றித்தான். என் மனைவிக்கு இந்தப் பழக்கம் ஆகாது. "செத்துப்போன ஆம்பளைங்க யாருக்கோ எழுதினத நூறு தடவ படிக்கிறீங்க. பால் வாங்கிட்டு வாங்கன்னு நான் எழுதி வச்சத ஒரு தடவ படிச்சா என்ன?" என்பாள். அவள் எழுதுவதில் தேதி இருக்காது.

மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று கடிதங்கள். அவற்றில் பதினொன்று, ஏழாம் பெட்டியில் இருப்பவை, அடுத்த தெருவில் குடியிருந்த தளபதி எழுதியவை. யார் செத்ததற்காக என்னைக் கூட்டிவந்தீர்களோ, அவரேதான். நாற்பது வருடத்துக்கு முந்தைய போரில் தன் படையில் இறந்தவர்களின் வீடுகளுக்கு அவர் அனுப்பிய கடிதங்கள். வீடு வீடாக ஏறி இறங்கி, அழுகிறவர்களோடு உட்கார்ந்து வாங்கிவந்தேன். நானும் கூட அழுதிருக்கிறேன். அழாதவனுக்கு யாரும் கொடுப்பதில்லை.

அவரைக் கூப்பிட்டு அவற்றைக் காட்டியது என் தவறு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். எண்பத்து நான்கு வயது. முதுகு மட்டும் இன்னும் அணிவகுப்பிலேயே நின்றது. பெட்டியைத் திறந்ததும் கண் கலங்குவார், நாலு வார்த்தை பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கடிதத்தைப் படித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"செவ்வாய்க்கிழமைன்னு போட்டிருக்கேன். அன்னைக்குப் புதன்," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடித்து, மேலே எழுதியும்விட்டார்.

எனக்கு ஒரு மகன் இருக்கிறான். சின்ன வயதில் அவன் மாடியிலிருந்து விழுந்தபோதுகூட நான் அப்படிப் பதறவில்லை.

"சார், இது அசல்," என்றேன்.

"அசல் நான்தானேப்பா? இதோ உக்காந்திருக்கேனே."

அதன் பிறகு வியாழக்கிழமை தவறாமல், காலை பத்து மணிக்கு, பேனாவோடு வந்தார். ஒன்றில் பீரங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். இன்னொன்றில் 'ஒழுங்காகப் பின்வாங்கினோம்' என்பதை அடித்துவிட்டு 'ஓடினோம்' என்று போட்டார். ஐயா, என் வாழ்நாளில் பிறர் எழுதிய கடிதத்தில் நான் ஒரு புள்ளி வைத்ததில்லை. வைப்பவர்களை என்னால் மன்னிக்கவும் முடிந்ததில்லை.

நான் முயற்சி செய்யாமலில்லை. பெட்டிச் சாவி தொலைந்துவிட்டது என்றேன். பூட்டுக்காரரைக் கையோடு கூட்டிவந்தார். நான் வீட்டில் இல்லை என்று சொல்லும்படி மனைவியிடம் சொன்னேன். அவள், "உள்ளதான் இருக்காரு, இல்லன்னு சொல்லச் சொன்னாரு. உக்காருங்க, டீ போடறேன்," என்றாள். நகல் எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். "நகல்ல திருத்தறது நிழலுக்கு முடி வெட்டற மாதிரிப்பா," என்றார். நல்ல வாக்கியம். அதைப் போர்க்காலத்தில் எழுதியிருக்கலாம்.

கடைசியாக, பெட்டியை அலமாரியின் உச்சித் தட்டுக்கு மாற்றினேன். அந்த வயதில் யார் ஏறுவார்கள்? அவர் மர ஏணியைச் சாய்த்து விறுவிறுவென்று ஏறிவிட்டார். நான் எடுத்துத் தருகிறேன் என்றதற்கு, "அடுத்தவன அனுப்பி அனுப்பித்தான் இந்த லெட்டரெல்லாம் எழுத வேண்டியதாச்சு. நானே போறேன்," என்றார்.

பத்துக் கடிதங்கள் இப்படிப் போயின. மிஞ்சியது பதினொன்றாவது. ஒரு வீரனின் தாய்க்கு எழுதியது. 'உங்கள் மகன் முன்வரிசையில் நின்று போரிட்டு, வலி என்பதை அறியாமல் உயிர் நீத்தான்.' ஒரே பக்கம், முழுக் கையெழுத்து, ஓர் அடித்தல் கிடையாது. என் தொகுப்பிலேயே அதற்கு இணையில்லை. அந்தத் தாய் இறந்துவிட்டாள். வீரனின் தங்கையிடமிருந்துதான் வாங்கினேன். தினமும் எடுத்துப் படிப்பாளாம். இன்னும் ஒரு வருடம் விட்டுவைத்திருந்தால் மடிப்பில் கிழிந்திருக்கும்.

தளபதி இறப்பதற்கு முந்தைய வாரம் அதைக் கையில் எடுத்தவர், பேனாவைத் திறக்கவில்லை.

"இது பூராவும் பொய்," என்றார். "பனி விலகட்டும் சார்னு அந்தப் பையன் கெஞ்சினான். போடான்னு அனுப்பினேன். ரெண்டு நாள் உசிரோட கிடந்து செத்தான். அவன் தங்கச்சிக்கு இதெல்லாம் தெரியணும். அடுத்த வாரம் வந்து, நடந்தத அப்படியே எழுதி, நானே எடுத்துட்டுப் போய் அது கையில குடுத்துடறேன்."

சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் மனம் கனத்துத்தான் போயிற்று. ஆனால் 'எடுத்துட்டுப் போய்' என்ற சொல் காதை விட்டுப் போகவில்லை.

ஏணியைப் பற்றிக் கேட்டீர்கள். அது பழைய ஏணி. அதில் ஒரு படி பலவீனமாக இருந்தது. எனக்குத் தெரியும்; சொல்லியிருக்கலாம். பெரியவர்களுக்குப் புத்தி சொல்லும் பழக்கம் எனக்கில்லை. பலவீனம் என்றால், புதன்கிழமை மதியம் அடிப்பக்கத்திலிருந்து முக்கால் பங்கு ரம்பத்தால் அறுத்திருந்தேன். மரத்தூளைப் பார்த்த என் மனைவி கரையான் என்று மருந்து தெளித்தாள். நானும் கூட நின்று தெளித்தேன். வீட்டு வேலையில் கைகொடுப்பதில்லை என்று இனி அவள் சொல்ல முடியாது. மறுநாள் காலை அவளை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

என் கணக்கு ஓரிடத்தில் பிசகியது. அவர் ஏறும்போதே முறியும் என்று நினைத்தேன். ஒல்லியான மனிதர், ஏறும்போது தாங்கிவிட்டது. கடிதத்தையும், ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் விவரம் எழுதிவைத்த பதிவு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இறங்கும்போதுதான் முறிந்தது. அவர் ஒரு பக்கம், அட்டைகள் ஒரு பக்கம், கடிதம் அவர் தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி. ரத்தம் மெல்ல அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"வண்டியக் கூப்பிடுப்பா," என்றார்.

நான் போய்க் கையைக் கழுவினேன். பத்து நிமிடம் காயவைத்தேன். சமையலறையில் நின்ற அந்தப் பத்து நிமிடமும் என்ன பாடுபட்டேன் என்பதை யாரிடமும் சொல்லி விளங்கவைக்க முடியாது. நல்லவேளை, ரத்தம் வேகமாக வரவில்லை. வயதானவர்களுக்கு அப்படித்தான் போலும். கடிதத்தை எடுத்து உறையில் போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஒரு பொட்டு படவில்லை. அப்புறம் தொலைபேசியை எடுத்தேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

எல்லோரும் விபத்து என்றார்கள், நீங்களும்தான். அவர் மகளுக்கு ஆறுதல் சொன்னவனும் நான்தான். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டினேன் என்பீர்கள். என் துக்கம் உண்மையானது, ஐயா. உயிரோடு இருந்து எனக்குத் தெரிந்த ஒரே தளபதி அவர்.

அந்த மகள், அப்பா வீட்டில் சொல்லியிருந்த பதினொன்றாம் கடிதத்தைக் கேட்டு உங்களை அனுப்பியிருக்காவிட்டால் நீங்கள் என் பதிவேட்டைப் புரட்டியிருக்க மாட்டீர்கள். இருநூற்றுப் பதினான்காம் எண்ணையும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் கை காயவைத்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு பதிவு அட்டையின் பின்பக்கத்தில் எழுதியது. 'காலை 10.20. ஏணியின் நான்காம் படி அறுக்கப்பட்டிருக்கிறது. அறுத்தவன் இந்த வீட்டுக்காரன். இப்போது கை கழுவிக்கொண்டிருக்கிறான்.' கீழே தேதி, முழுக் கையெழுத்து.

கிழித்துப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். எப்படி மனம் வரும்? தளபதி, கைப்பட, நேரத்தோடு எழுதியது. போர்க்காலக் கடிதமா என்பதில்தான் இரண்டு நாள் குழம்பினேன். எதிரியின் இடத்தில் அடிபட்டுக் கிடந்து எழுதியதை வேறு எதில் சேர்ப்பது? எண் போட்டு, உறையிலிட்டு, ஏழாம் பெட்டியில் வைத்தேன்.

அதில் 'நான்காம்' என்பது அடிக்கப்பட்டு, மேலே 'ஐந்தாம்' என்று வேறு கையெழுத்தில் இருக்கிறதே, அது யார் எழுத்து என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். எட்டுப் படி ஏணி, ஐயா. விழுந்து கிடந்தவர் மேலிருந்து எண்ணிவிட்டார். ஏணியைக் கீழிருந்துதான் எண்ண வேண்டும். நான் அறுத்தது ஐந்தாம் படி. அவருடைய பேனாவும் பக்கத்தில் திறந்தபடியே கிடந்தது. தவறு என்று தெரிந்த பிறகு அதை எப்படித் திருத்தாமல் விடுவது?