பூஜைக்கு வெச்ச கம்ப்யூட்டர்

— நீயும் கையை விரிச்சுட்டா நான் எங்கே போவேன், நம்பி? நாலு மணிக்கு டாக்டர் ஆதிரா வந்துடுவா. இப்பவே ரெண்டரை ஆயாச்சு.

— நான் கையை விரிக்கல்ல, விஜயம் மாமி. உள்ளதச் சொல்லுதேன். மாமாவுக்க பேசுத ஆப் இந்தக் கம்ப்யூட்டர்ல இல்ல. எங்கயோ மறைஞ்சு கிடக்குன்னா தேடி எடுக்கலாம். இது அடியோட போயாச்சு.

— போறதுக்கு அதுக்கென்ன கால் முளைச்சுதா? அஷ்டமி அன்னிக்குச் சாயந்திரம்கூடப் பேசினாரே! "விஜயம், முதுகு வலிக்கறது"ன்னு சொன்னார், நான் திருப்பிப் படுக்க வெச்சேன்.

— அதுக்குப் பொறவு என்ன செஞ்சீங்க? மறைக்காம சொல்லணும், கேட்டோ.

— என்ன செய்வேன்? பூஜைக்கு வெச்சேன்.

— எதை?

— கம்ப்யூட்டரைத்தான். சரஸ்வதி பூஜைக்குப் புஸ்தகமும் பேனாவும் வெக்கறதில்லையா? இந்த மனுஷருக்கு வாக்கே அதுதானே. வாக்தேவி முன்னாடி அதை வெக்காம வேற எதைக் கொண்டு வெப்பேன்? ஆஃப் பண்ணி, துடைச்சு, சந்தனம் குங்குமம் இட்டு, பட்டுத் துணி போட்டு மூடினேன். விஜயதசமிக்குக் காலம்பற பூஜை எடுத்துட்டு ஆன் பண்ணினா, ஸ்கிரீன்ல அவர் பேசற சதுரப் போர்டைக் காணும்.

— அப்போ அத்தனை நாளும் மாமாவ பேச விடாம வச்சிருந்தீங்களா?

— பூஜைக்கு வெச்ச சாமானை நடுவுல தொடலாமாப்பா? கண்ணாலேயே பேசிண்டோம். அவர் பாத்தா எனக்குத் தெரியாதா?

— சரி. ஆஃப் செய்யும்போ ஸ்கிரீன்ல என்ன இருந்தது? நல்லா ஓர்த்துப் பாருங்க.

— அதுக்கு முன்னாடி நான் எங்கே ஆஃப் பண்ணியிருக்கேன்? ராப்பகலா ஓடட்டும்னு நீதானே சொன்னே. அன்னிக்கு அமுக்கினப்போ 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்'ன்னு ஒண்ணு இருந்தது. அதை அமுக்கினேன்.

— மாமீ...

— ஏன் தலையில கை வெக்கறே? சொல்லேன், பயமாயிருக்கு.

— படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அப்டேட்டுன்னு என்ன வந்தாலும் தள்ளிப் போடுங்க, தொடாதீங்கன்னு. இந்த ஆப் போனுக்குள்ளது மாமி. கம்ப்யூட்டருக்குன்னு உண்டாக்கினதே இல்ல. போன் ஆப்பெல்லாம் ஓடட்டும்னு கம்ப்யூட்டர்காரன் உள்ள ஒரு ரூம் கட்டி விட்டிருந்தான். அந்த ரூமுக்கு இனி சப்போர்ட் இல்ல, பூட்டப் போறோம்னு போன வருஷமே அறிவிச்சாச்சு. நம்ம கம்ப்யூட்டர் அப்டேட் ஏறாம கிடந்ததுனால தப்பிச்சு ஓடிட்டிருந்தது. நீங்க அமுக்கினதும் ரூமைப் பூட்டிட்டான். உள்ள இருந்த ஆப்பும் போச்சு.

— அப்போ நான்தானா? அவர் வாயை அடைச்சது நான்தானா, நம்பி? குங்குமம் வேற இட்டேனே!

— கரைஞ்சு அழாதீங்க மாமி. மாமா பாக்காரு.

— பாக்கட்டும். ஏன்னா, கேட்டேளா? உங்க வாயை அடைச்ச மகாபாவி வேற யாருமில்லே, நான்தான். நன்னா பாத்துக்கோங்கோ.

— மாமா, நீங்க மாமியை அப்படிப் பாக்காதீங்க. தெரியாம செஞ்சது. மாமி, ஒரு காரியம் செய்யலாம். இந்த ஆப்பை உண்டாக்கின கம்பெனியும் கடையைப் பூட்டிட்டுப் போயாச்சு, அதனால திரும்ப இறக்க வழியில்ல. வேற புது ஆப் நிறைய உண்டு. ஒண்ணு போட்டுத் தரட்டா?

— அதுல அவர் குரல் இருக்குமா?

— அது எப்படி இருக்கும்? மிஷின் குரல்தான்.

— மிஷின் குரலை வெச்சுண்டு நான் என்ன பண்றது? இந்த நரம்பு வியாதி வந்தப்போ, இன்னும் ஒரு வாரம்தான் பேச்சு இருக்கும்னு டாக்டர் சொன்னா. நான் லிஸ்ட் எழுத எழுத, தடிச்ச நாக்கை வெச்சுண்டு ஒண்ணொண்ணா அந்தப் போன்ல பேசி வெச்சார். இருபத்தினாலு வாக்கியம். இவர் வேலை பார்த்த வாட்டர் அத்தாரிட்டி ஆபீஸ்ல, ராமசுப்ரமணியன் தும்மினா மாடிக்குக் கேக்கும்னு சொல்லுவா. அந்தக் குரலாக்கும் அது. அதுவும் போக, புதுசைப் பழக்க நேரம் எங்கே? போர்டுல வெளிச்சம் சதுரம் சதுரமா நகர்ந்து வரும், தனக்கு வேணுங்கறதுல வரச்சே சிவப்பு ஸ்விட்சைத் தட்டணும். அதுக்கே ரெண்டு மாசம் ஆச்சு. உடம்புல அந்தக் கட்டை விரல் ஒண்ணுதான்பா மிச்சம்.

— டாக்டர்கிட்ட ரெண்டு நாள் தவணை கேட்டா?

— கேக்கற நிலைமையிலயா இருக்கார்? நேத்திக்கு மாஸ்க் போட்டும் மூச்சு இழுத்தது. இனிமே மாஸ்க் போறாதாம். தொண்டையில துளை போட்டு மிஷின் வெச்சா வருஷக்கணக்கா இருப்பாராம். வெக்கல்லேன்னா, இந்த வாரமோ அடுத்த வாரமோங்கறா. நான் எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்னேன். அது செல்லாதாம். புத்தி தெளிவா இருக்கறவர், அவரே சொல்லணுமாம்.

— கண்ணை மூடித் தொறந்து சொன்னா போராதா?

— அதையும் பாத்தாச்சு. இமை தானா விழறது. ஒரே கேள்வியை அஞ்சு தரம் கேட்டா, மூணு தரம் ஒண்ணும் ரெண்டு தரம் இன்னொண்ணும் வந்தது. டாக்டர் ஒத்துக்கல்லே. போர்டுலயே ரெண்டு தடவை கேட்டு எழுதிக்கறேன்னா. நான்தான், பூஜை நாளும் அதுவுமா அந்தப் பேச்சு எதுக்கு, கழியட்டும்னேன். இன்னிக்கு நாள் குறிச்சுட்டுப் போனா.

— நீங்க கேட்டீங்களா, மாமாகிட்ட?

— எதை?

— மிஷின் வைக்கட்டான்னு.

— எப்படிப்பா கேப்பேன்? கேக்கற கேள்வியா அது? அவருக்கு இருக்கணும்னு இருக்காதா? நீ வேலையைப் பாரு.

— சரி சரி. குரல் பிடிச்ச அந்தப் பழைய போன் எங்க?

— பீரோவுல, அவர் வேஷ்டிக்கு அடியில வெச்சிருக்கேன். இந்தா.

— இது செத்துல்லா போச்சு.

— அந்த வார்த்தையைச் சொல்லாதேப்பா இந்த ரூம்ல. அணைஞ்சிருக்குன்னு சொல்லு.

— அணைஞ்சிருக்கு. பேட்டரி வேற வீங்கிப் பலாச்சுளை கணக்கா இருக்கு. சார்ஜ் போட்டா என்ன ஆகும்னு தெய்வத்துக்குத்தான் தெரியும். மாமா கட்டிலை அந்தப் பக்கம் தள்ளுங்க. நீங்களும் தள்ளி நில்லுங்க.

— பத்மநாபா, ஒரே ஒரு தடவை. இனிமே உன்கிட்ட ஒண்ணுமே கேக்கமாட்டேன்.

— எரியுது! மாமி, லைட் வந்தாச்சு! ஆப்பும் இருக்கு, குரலும் இருக்கு.

— அப்போ இதையே அவர் முன்னாடி வெச்சுடேன்!

— சிவப்பு ஸ்விட்சு இந்தப் போன்ல பிடிக்காது. அதுக்காகத்தான அன்னைக்கு கம்ப்யூட்டர்ல ஏத்தினோம். ஆரியசாலையில எனக்க ரிப்பேர் கடையைப் பூட்டிட்டு வரும்போ ஒரு பென்டிரைவ் எடுத்துட்டு வந்தேன். இதுல எமுலேட்டர்னு ஒரு புரோகிராம் இருக்கு. கம்ப்யூட்டருக்குள்ள இருந்துட்டு, போன் மாதிரி நடிக்கும். ஆப்பையும் குரலையும் இந்தப் போன்லருந்து அதுக்குள்ள ஏத்தி, நீ போன்லதான் இருக்கேன்னு ஆப்பை ஏமாத்தணும்.

— ஏமாத்து. பாவம் வந்தா எனக்கு வரட்டும்.

— கொஞ்ச நேரம் பிடிக்கும். கம்ப்யூட்டர் பழசு, மூச்சு வாங்குது.

— அதுவுமா?

— மன்னிச்சுக்கிடுங்க மாமி, வாயில வந்துட்டுது.

— மணி மூணேகால், நம்பி.

— வட்டம் சுத்துது பாருங்க. சுத்தினா நல்லது. கிழக்கேகோட்டையில வண்டியெல்லாம் ஒரே பிளாக்கு, டாக்டர் வரதுக்கு வைகும்.

— அவ ஒரு நாளும் லேட்டா வந்ததில்லே. ஏன்னா, இதோ ஆயிடுத்து, சித்தே பொறுத்துக்கோங்கோ. இப்பப் பேசிடலாம்.

— மூணு இருபத்தஞ்சு. தொறக்குது, தொறக்குது... அய்யோ.

— என்ன அய்யோ? அய்யோங்காதே!

— ஆப் தொறந்ததும் கம்பெனியைக் கூப்பிடுது மாமி. இவங்க காசு கொடுத்து வாங்கினவங்கதானா, உள்ள விடட்டான்னு கேட்டுட்டு நிக்குது. கம்பெனிதான் இல்லையே. யார் பதில் சொல்லுவா?

— ஆளில்லாத ஆத்துக் கதவைத் தட்டிண்டு நின்னா? அதை வெளியிலேயே போகவிடாதே. வாசலைச் சாத்து!

— என்ன சொன்னீங்க?

— எனக்கென்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

— வாசல்! நெட் வயரைப் பிடுங்கிட்டா அதுக்கு வெளிய போக வழியில்ல. கேக்காமலே உள்ள விட்டாலும் விடும். நில்லுங்க. பிடுங்கியாச்சு. இன்னொரு தரம் தொறக்குதேன்... மாமி, இங்க வாங்க! இருபத்தினாலு சதுரமும் வந்தாச்சு! ஒண்ணை அமுக்கிப் பாக்கேன்.

— விஜயம், காபி ஆச்சா?

— ஏன்னா! உங்க குரல்னா! ஐயோ, அப்படியே இருக்கே! நம்பி, இன்னொண்ணு, இன்னொண்ணு அமுக்கு.

— விஜயம், ஃபேனைக் குறை.

— குறைக்கறேன், இதோ குறைச்சுட்டேன்!

— மாமி, அது நான் அமுக்கினது. ஃபேன் ஓடவே இல்ல.

— இருந்துட்டுப் போகட்டும். நீ நன்னா இருப்பே, நம்பி. உன் குழந்தைகள் நன்னா இருக்கும். டாக்டர் போனதும் உனக்கு அடைப்பிரதமன் பாயசம் பண்ணிப் போடறேன். ஸ்விட்சை அவர் விரல்கிட்ட வை. ஆ, அங்கேதான்.

— மாமி, ஒரு சம்சயம். இதுல 'வேணும்'னு ஒரு சதுரம் இருக்கு. 'வேண்டாம்' எங்க?

— அது எதுக்கு?

— டாக்டர் கேட்டா ரெண்டுல ஒண்ணு சொல்லணும்லா?

— அதை நான் எழுதவே இல்லை. எங்காத்துல அரிசி தீர்ந்துதுன்னாகூட நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம். ததாஸ்து தேவதைகள் சுத்திண்டே இருக்கும். நாம எதைச் சொன்னாலும் 'அப்படியே ஆகட்டும்'னு சொல்லிண்டு போகும். கடைசியா இருக்கற குரல்ல போய் அந்த மாதிரி வார்த்தையைப் பேசி வெக்கச் சொல்லுவேனா?

— இந்த ரெண்டு வருஷமும் ஒண்ணு பிடிக்கல்லன்னா மாமா என்ன செய்வாரு?

— தட்டாம இருப்பார். வெளிச்சம் எல்லாத்தையும் சுத்திண்டு போயிடும். நான் புரிஞ்சுப்பேன்.

— டாக்டருக்குப் புரியாது மாமி. 'வேணும்'னு மட்டும் சொல்லத் தெரிஞ்ச ஆள்கிட்ட வேணுமான்னு கேட்டா, அதுக்குப் பேரு கேள்வியா? அவங்க போர்டைப் பாத்ததும் மொத அதைத்தான் தேடுவாங்க. இல்லன்னா ஒண்ணும் எழுதாம எழும்பிப் போயிடுவாங்க.

— எழுதாமப் போனா மிஷின் கிடைக்காதே!

— அதத்தான் சொல்லுதேன். ஒரு சதுரம் சேக்க ரெண்டு நிமிஷம். குரல்தான் ஒண்ணு வேணும்.

— அப்போ நீயே பேசிடு. உன் குரல்ல இருக்கட்டும்.

— சரி, நான் பேசுதேன்.

— விஜயம்.

— எதுக்கு மறுபடி அமுக்கறே?

— நான் அமுக்கல்ல மாமி. மாமா விரலைப் பாருங்க. ஸ்விட்சைத் தட்டினது அவருதான்!

— ஏன்னா! பேசிட்டேளா? என்னன்னா, என்ன வேணும்? தண்ணியா?

— விஜயம்.

— இதோ இருக்கேனே.

— விஜயம்.

— மாமி, நான் பேசப் போனதும்தான் கூப்பிடுதாரு. உங்க குரல்ல இருக்கட்டும்னு சொல்லுதாரு போலிருக்கு.

— என்னைப் போய் அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்றேளா? நாப்பது வருஷமா அதை உங்க எதிர்ல சொல்லியிருக்கேனா? சரி, சொல்றேன். சொன்ன கையோட 'வேணும்'னு மூணு தரம் சொல்லிடுவேன். தேவதை அதைக் கேட்டுண்டு போகட்டும்.

— இந்த மைக்குக்கு நேரா நின்னு சொல்லுங்க... மாமி, சத்தம் வரல்ல.

— தேவதை காதுல விழாம உதட்டை மட்டும் அசைச்சேன்பா.

— மைக்குக்குக் கேக்கணும்லா மாமி. இன்னொரு தரம்.

— வேண்டாம்.

— பதிஞ்சாச்சு.

— வேணும், வேணும், வேணும். பத்மநாபா, கேட்டியா? வேணும்னு சொல்லியிருக்கேன்.

— வாசல்ல கார் வந்து நிக்குது. டாக்டராத்தான் இருக்கும். அவங்க கால்ல தட்டாம இந்த வயரையெல்லாம் கட்டிலுக்கு அடியில ஒதுக்கிட்டு வாறேன்.

— ஏன்னா, அவ செருப்பைக் கழட்டிட்டு வரதுக்குள்ள நான் ஒரு தரம் கேட்டுடறேன். நம்பி கேட்டான், கேட்டேளா மாமின்னு. எனக்குப் பயம்னா, அதான் கேக்கல்லே. எத்தனை வருஷமானாலும் நான் பாத்துப்பேன். எனக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. நீங்க பேசாமப் படுத்துண்டு என்னைப் பாத்துண்டிருந்தா போறும். தொண்டையில அந்த மிஷினை வெச்சுக்கலாம்னா? வெளிச்சம் வரது பாருங்கோ. காபி தாண்டியாச்சு, ஃபேன் தாண்டியாச்சு. இதோ 'வேணும்'. தட்டுங்கோ. தட்டுங்கோன்னா! போயிடுத்தே... போனாப் போறது, அடுத்த சுத்துல தட்டிக்கலாம். விரல் அசதியா இருக்கும்.

— வேண்டாம்.

— அதுதான் பதிஞ்சாச்சே மாமி. மறுபடியும் எதுக்குச் சொல்லுதீங்க?

— நான் வாயே திறக்கல்லே, நம்பி.