கனமான பாக்கெட்

கிரிக்கெட் அட்டைப் பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. பல்லால் கிழிப்பது அதைவிட மோசம். பின்பக்கம் ஒட்டியிருக்கும் மடிப்பை இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக விலக்கினால் போதும். உள்ளே இருக்கும் அட்டைகளின் முனை மழுங்காது. இதைப் பஞ்சாட்சரத்துக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

நாங்கள் இருவரும் பிள்ளையார்பாளையத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் சாயப்பட்டறைக்குப் போனான். நான் பட்டுப் புடவை டிசைனுக்குத் தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் துளை குத்தும் வேலைக்குப் போனேன். நாற்பது வயதுக்கு மேல் அவனுக்கு மூச்சிரைப்பு வந்தது. வேலையை விட்டுவிட்டுச் செவிலிமேட்டில் வீட்டோடு இருந்தான். அவனுக்கும் பொழுது போகட்டும் என்றுதான் என் சேகரிப்புப் பழக்கத்தில் அவனைச் சேர்த்துக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் மொய்னுதீன் பாய் கடையில் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவேன். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஏழு வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர் தன் கையால் கையெழுத்துப் போட்ட அட்டை மற்றதைவிடச் சற்றுத் தடிமன். அட்டையோடே பிழைத்த விரலுக்கு அது உறைக்கு வெளியிலேயே தெரிந்துவிடும். பாய் கடையில் பாக்கெட்டுகளைத் தடவிப் பார்த்து, கனமானது இருந்தால் அதை என் சட்டைப்பையில் வைப்பேன். அவனுக்கு மெலிசான ஒன்று. இதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவனுக்குப் பிரிப்பதில்தான் சந்தோஷம். எனக்குச் சேர்ப்பதில்.

ஒவ்வொரு வாரமும் பிரித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு கைராசியே இல்லபா" என்று சிரிப்பான். எனக்கு வந்ததை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். என்னைவிட அவன்தான் அதிகம் சந்தோஷப்பட்டிருப்பான்.

போன பங்குனியில் ஒரு ஞாயிறு. அவன் மனைவி வடிவும் மகள் சங்கீதாவும் ஏகாம்பரநாதர் கோயில் உற்சவத்துக்குக் கிளம்பி நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வடிவின் முகம் தெளிந்தது.

"நல்லவேள வந்தீங்கண்ணா. காலைலேர்ந்து இவருக்கு இழுத்துக்கினே இருக்குது. மூச்சு பம்பு டிவி பக்கத்துல வெச்சிருக்கேன். கேட்டா எடுத்துக் குடுங்க."

"நான் இருக்கேன்ல. போய்ட்டு வாம்மா."

அவர்கள் போனதும் பஞ்சாட்சரம் என் சட்டைப்பையைப் பார்த்தான்.

"இன்னைக்கு உன் பாக்கெட்ட நான் பிரிக்கிறேன்பா. என்னுத நீ பிரி. ராசி மாறுதான்னு பாக்கலாம்."

மறுக்க ஒரு காரணம் தேடினேன். வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கொடுத்தேன்.

மடிப்பை ஒழுங்காகத்தான் விலக்கினான். நான்காவது அட்டையில் அவன் கை நின்றது. நீல மையில் கையெழுத்து. மொத்தம் ஐம்பதே அச்சிட்டதில் பதினேழாவது. எத்தனையோ வருடமாக நான் தேடிய ஆட்டக்காரர். பஞ்சாட்சரம் சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான். அதன் பிறகு இருமல் நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. ஒரு கையால் டிவிப் பக்கம் காட்டினான். இன்னொரு கை அட்டையை இறுக்கிக்கொண்டிருந்தது.

நான் முதலில் அட்டையைத்தான் எடுத்தேன். அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது. பையிலிருந்த கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு பம்பை எடுத்தேன். எடுக்கவே இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய்.

அவன் என் கையைப் பார்த்தான். என் மடியில் இருந்த உறையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். ஏழு வருடமும் அவனுக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். கோபப்படவில்லை.

"கார்ட... நீயே வெச்சிக்கோபா," என்றான். "பம்ப குடு."

கொடுத்திருக்கலாம். ஆனால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வடிவிடம் சொல்லுவான். சொல்லாமல் விட்டாலும், அடுத்த ஞாயிறு நான் நீட்டும் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பான். அப்படி ஒரு பார்வைக்கு எதிரில் என்னால் உட்கார முடியாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பம்பு என் கையில் இருந்தது. அவன் அடங்குகிற வரை என் கையிலேயே இருந்தது. பிறகு அதை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, தெருவில் இறங்கி ஆட்டோ கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்களாச்சும் கூட இருந்தீங்களேண்ணா" என்றாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் சங்கீதா அவனுடைய ஆல்பத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். எல்லாம் மெலிசான அட்டைகள். ஒவ்வொன்றின் கீழும் தேதியும் என் பெயரும் போட்டு, 'சம்பந்தம் வாங்கியாந்தது' என்று எழுதி வைத்திருந்தான்.

"அப்பா கடைசியா ஏதாச்சும் சொன்னாரா மாமா?"

இல்லை என்றேன். அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அவன் சொன்னான். அட்டையை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னான். அவனாகப் பார்த்துக் கொடுத்தது அது. நான் எடுத்துக்கொண்டதாக நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.