சீராக வந்த மொட்டைச் செடி

மூணாங்கிளாஸ் தாண்டாத நான், பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன்; ஒத்தை மாட்டோடு செக்குப் போட்டேன்; ஓட்டு வீடும் கட்டினேன். யுத்த காலக் கோடையில் ஒருநாள் விழுப்புரத்தில் ரயிலேறினேன். எதிரே முன்பின் தெரியாத சம்பந்திகள் இருவர்: மாப்பிள்ளையின் அம்மாவும் பெண்ணின் அம்மாவும். பெண்ணின் அம்மா மடியில் வேரோடு ஒரு மொட்டைச் செடி.

“பொண்ணுக்குச் சீரா விறகு கொண்டாறீங்களே, சம்பந்தி!”

“விறகு இல்லீங்க, பவளமல்லி. கோடையில இலையைக் கொட்டிக்கினு நிக்கும். குச்சியைத் தடவுங்க, நாலு மூலை தெரியுதா?”

“தெரியுது. உசுரு கீதா?”

“நகத்தால கீறிப் பாருங்க.”

“அட, பச்சையா கீதே!”

“மழை பேஞ்சா சொரசொரன்னு இலை வரும். அப்புறம் வெள்ளைப் பூ, பவளக் காம்பு.”

“அப்ப என் வாசல்லியே வைங்க. மொதப் பூ எனக்குத்தான், உங்க பொண்ணுக்கு இல்ல!”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் செடி ஒடியாமலிருக்கத் திண்டிவனம் வரைக்கும் காலை மடக்கி உட்கார்ந்தவன் நான். பூத்தால் என் பங்கையும் சொல்லியாகணும்.