தூக்க நோய் எலிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகர டிராமில் தமிழ் காதில் விழுவதே அபூர்வம். அன்று காலை என் முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு எலிகளை எல்லாம் கொல்லணும்டா" என்றான் கண்ணாடி போட்டவன்.

"உனக்குத்தான் எலின்னாலே பயமாச்சே. விட்டது சனின்னு இரு" என்று மற்றவன் சிரித்தான்.

"சிரிக்காதேடா. ஈ கடிச்சு வந்து ஆளையே கொல்ற தூக்க நோய்க்கு எங்க லேப்ல செஞ்ச புது மருந்தைப் போட்ட எலிகள். எல்லாம் பிழைச்சிருக்கு."

"பிழைச்சதை எதுக்குக் கொல்றீங்க?"

"ஆப்பிரிக்காவுல அந்த நோய் குறைஞ்சுபோச்சாம். மிச்சம் இருக்கிற நோயாளிங்க ஏழைங்க, மருந்தை யாரு வாங்குவான்னு கம்பெனி ஆராய்ச்சியை நிறுத்திடுச்சு."

அடப்பாவிகளா என்று எனக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"உன்கூட வேலை செய்யற கேமரூன்காரன், அவன் தங்கச்சிக்கு இந்த நோய்தானே?"

"ஆமா. பழைய ஊசி மருந்துல ஆர்சனிக் விஷம் இருக்கு. இதே நோய்க்கு அதைப் போட்டுத்தான் அவன் அப்பா செத்தார். தங்கச்சிக்காவது நம்ம மருந்து வந்துடும்னு தினமும் சொல்லிட்டிருக்கான்."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

கண்ணாடிக்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னும் இல்ல. எலிகளைக் கொல்ல என்கூட அவனைத்தான் போட்டிருக்காங்க."