ம் கொட்டியவர்கள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்று ஒரு படகுக் கதை சொல்கிறேன். எனக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்: கேட்பவர்கள் ம் கொட்டாவிட்டால் கதை ஓடாது, சுவரோடு பேசுவது போல இருக்கும். அதனால் மறக்காமல் ம் கொட்டுங்கள்.

அப்போது நான் ஒரு சரக்குப் படகில் சமையல்காரி. அந்த முறை ஏற்றிய சரக்கு மனிதர்கள். கலகக்காரர்களாம், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த சிறைக்குக் கொண்டுபோக வேண்டுமாம். நான் பார்த்தவரை ஒரு தையல்காரர், ஒரு டீச்சர், டீச்சருடைய அண்ணன், இன்னும் அவர்களைப் போலச் சாதாரண முகங்கள். எல்லோரையும் அடித்தளத்தில் இறக்கி, மேலே கம்பிக் கதவைப் போட்டுப் பூட்டினார்கள். சோறு இறக்குவது என் வேலை. அதனால் சாவியை என் முந்தானையில் முடிந்திருந்தேன்.

காவலுக்கு வந்தவரைப் பிரம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே யாராவது இருமினால்கூடக் கம்பிக்குள் பிரம்பை விட்டுக் குத்துவார். குடிக்கிற தண்ணீரை அவர்கள் கண்ணெதிரே தளத்தில் ஊற்றுவார். அதனால் கதவோரம் உட்கார்ந்து மெதுவாகக் கதை சொல்ல ஆரம்பித்தேன். கதை கேட்டால் சத்தம் வராது, சத்தம் வராவிட்டால் அடி விழாது. இருட்டுக்குள்ளிருந்து ம், ம் என்று மட்டும் வரும்.

"நேத்து ராஜாவைக் கொன்னீங்க. இன்னைக்கு யாரு, அக்கா?" என்பார் தையல்காரர்.

"ஊரெல்லாம் தைச்ச கை, சொந்த வாயைத் தைக்கத் தெரியல பாரு," என்பேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒரு மத்தியானம் பாறையில் உரசிப் படகின் அடி கிழிந்தது. தப்பிக்க இருந்தது ஒரே ஒரு சின்னத் தோணி. ஆட்கள் அதை இறக்கினார்கள். எனக்கும் அதில் ஓர் இடம் வைத்திருந்தார்கள்.

பிரம்பு ஓடி வந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது.

"சாவியக் குடுக்கா. அடிச்சேன், ஒத்துக்கறேன். அதுக்காக இவங்கள இப்படிச் சாக விட முடியுமா?"

நீங்களே யோசித்துப் பாருங்கள். திறந்தால் அத்தனை பேரும் தோணிக்குத்தான் பாய்வார்கள். ஒருவரை ஒருவர் மிதிப்பார்கள். நான் தள்ளுமுள்ளு பார்க்கப் பொறுக்காதவள்.

"கடல்ல விழுந்துடுச்சு தம்பி," என்றேன். அவர் கடப்பாரை தேட ஓடினார்.

"அக்கா, தண்ணி வருது," என்றாள் டீச்சர்.

"தெரியும்மா. சாவி எடுத்துட்டு வராங்க. கதவை முட்டாதீங்க, பூட்டு இறுகிக்கும். நேத்து விட்ட எடத்துல இருந்து சொல்லட்டுமா?"

"ம்," என்றாள்.

சொன்னேன். கைகள் கம்பி வழியாக மேலே வந்தன. ஒவ்வொன்றையும் பிடித்துத் தடவிக் கொடுத்தேன். பிரம்பு திரும்பி வந்து, கடப்பாரையை ஓங்கி ஓங்கிப் பூட்டை அடித்தார். அது நல்ல பூட்டு. தோணியில் இருந்தவர்களுக்கு அங்கிருந்து பூட்டு தெரியவில்லை, கைகள்தான் தெரிந்தன. "இப்பக்கூட அடிக்கிறான் பாரு, பாவி," என்றார் ஒருவர்.

ம் முதலில் கூட்டமாக வந்தது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக. கடைசியில் டீச்சருடையது மட்டும். அதுவும் வராதபோது கதையை நிறுத்திவிட்டு எழுந்தேன். பிரம்பை இருவர் இழுத்துத் தோணியில் போட்டார்கள்.

விசாரணையில் என்னிடம் கேட்டார்கள், அவர் கடைசிவரை அடித்தாரா என்று. அடித்தார் என்றேன். அதில் பொய் என்ன இருக்கிறது? சாவி எங்கே என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அவரைத் தூக்கில் போட்டார்கள்.

சாவி இதோ, இந்த முடிச்சில். அவர் கேட்டபோதும் இங்கேதான் இருந்தது. கீழே இருந்தவர்கள் முடியும்வரை என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருவர்கூடப் பயந்து போகவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன் அல்லவா?

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீடு பிள்ளைகுட்டிகளோடு நிறைந்திருக்கட்டும். கூப்பிட்ட குரலுக்கு உள்ளேயிருந்து எப்போதும் பதில் வரட்டும்.

என்ன, ஒருத்தரும் ம் கொட்டக் காணோமே.