நல்ல கையின் படம்

சபாக் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரே எஸ்டேட்டைச் சேர்ந்த இரண்டு பெண்கள். இளையவளின் மகள், பத்து வயதிருக்கும், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாதுதான். ஆனால் இளையவள் இப்படித் தொடங்கினாள்:

“போன வருசம் இவளுக்கு ஒடஞ்சது வலது கைதான்க்கா. அந்த எக்ஸ்ரே பொண்ணு இடது கையையும் எடுத்தா. நல்ல கைய எதுக்கு எடுக்கிறேன்னு சண்டையே போட்டுட்டேன்.”

“கை மாறிப்போச்சா?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். டாக்டருதான் சொன்னாரு. சின்னப் புள்ளைங்களுக்கு மணிக்கட்டுகிட்ட எலும்புல ஒரு கோடு தெரியுமாம். எலும்பு வளர்ற எடமாம் அது. அடிபட்டிருக்கா, இல்ல இவளுக்கு அமைப்பே அப்படியான்னு நல்ல கையோட வெச்சுப் பாத்தாங்க. ஒடஞ்ச கையில அந்த எடத்துலதான் எலும்பு நகர்ந்திருந்துச்சு.”

“ஒன் வீட்டுக்காரரு அப்ப சுங்கை புரோங்ல எலும்பு நீவுறவருகிட்ட போயி நீவிக்கலாம்னு சொன்னாரே.”

“லோரி சாவியோட நின்னாரு. நான்தான் ஆஸ்பத்திரின்னு புடிவாதமா நின்னேன். அந்த எடத்தப் போட்டு நீவியிருந்தா கை வளராமலே போயிருக்கும் லா.”

“இன்னைக்கு என்னா சொன்னாரு?”

“வருசம் ஒண்ணாச்சுல்ல, மறுபடியும் ரெண்டு கையையும் எடுத்தாங்க. படத்தப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எதும்மா ஒடஞ்ச கைன்னு என்னையே கேட்டாரு.”

“நீ என்னா சொன்ன?”

“தெரியல டாக்டர்னேன்.”

தூங்கும் மகளின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் அருகருகே வைத்துக்கொண்டாள்.

“தெரியலன்னு இவ்வளவு பெருமையா நான் எங்கயும் சொன்னதில்லக்கா.”