மூன்றாம் மேசையின் விருப்பப் பாடல்

அவையை அன்பால் ஆளுகின்ற தலைவர் அவர்களே! படியேறி வந்த களைப்பு தீராமல் முன்வரிசையில் விசிறிக்கொண்டிருக்கும் மூத்தோர்களே! ஒரு பாட்டுக்காக அடுப்பை மறந்து, அடிபிடித்த சோற்றைச் சிரித்தபடியே பரிமாறிய தாய்மார்களே! அத்தனை பேருக்கும் என் தலைதாழ்ந்த வணக்கம்.

அறுபதுகளின் பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாட்டைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. அதைக் கேட்ட காதுகளைப் பற்றி யார் பேசுவது? அன்று எத்தனை வீட்டில் வானொலி? ஒரு வீட்டில் பாடும். ஒன்பது வீட்டில் கேட்கும்! பிடித்த பாட்டு வேண்டுமென்றால் அஞ்சலட்டை எழுத வேண்டும். பாட்டுக்கு முன்னால் கேட்டவர் பெயரை வாசிப்பார்கள். காற்றிலே தன் பெயர் வரும் அந்த ஒரு நொடிக்காக, மக்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அந்தப் பெயர்களை வாசித்த வாய், இந்த வாய்!

வேண்டாம், கைதட்டாதீர்கள். முழுவதையும் கேளுங்கள்.

வாரம் தவறாமல் ஓர் அட்டை வரும். பெயர் இருக்காது. 'பல்பு தொழிற்சாலை, மூன்றாம் மேசை. அக்காவுக்காக' என்று மட்டும் இருக்கும். கேட்பதும் எப்போதும் ஒரே பாட்டு. இளமை எனக்கு, இறுமாப்பும் எனக்கு. ஒருநாள் ஒலிவாங்கியில் சொன்னேன்: "மூன்றாம் மேசைக்கு வேற பாட்டே தெரியாதா? இல்ல, அக்காவுக்குத்தான் காது கேக்கலையா?"

அதோ, பின்வரிசையில் ஓர் ஐயா சிரிக்கிறார். "எனக்கு ஞாபகம் இருக்கு சார்" என்கிறார். இருக்கும் ஐயா, இருக்கும். ஊரே சிரித்தது. பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. நானும் வாராவாரம் அதையே விதவிதமாகச் சொன்னேன். ஐந்தாம் வாரம் அட்டை நின்றது.

எங்கள் நிலையத்துக்கு வரும் மெக்கானிக்தான் அந்தத் தொழிற்சாலையின் ஒலிபெருக்கியையும் பழுதுபார்ப்பவர். விளையாட்டாகத்தான் அவரிடம் விசாரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த அக்காவுக்கு நெசமாவே காது போயிடுச்சு சார். மெஷின் ஹால் சத்தத்துல போனது. அப்புறம்தான் பல்பு அடுக்குற மேசைக்கு மாத்துனாங்க. சாப்பாட்டு நேரத்துல அங்க நம்ம ரேடியோவ ஸ்பீக்கர்ல போடுவாங்க, அந்தப் பெட்டி மேல கைய வெச்சுக்கிட்டு நிக்கும். காது நல்லா இருந்தப்ப மனப்பாடமான பாட்டு அது ஒண்ணுதான். 'காதுல விழாட்டியும் கையில விழுதுடி'ன்னு, கூடவே வேலை பாத்து அட்டை எழுதிப் போடுற தங்கச்சிகிட்ட சொல்லும். இப்போ எல்லாரும் கேலி பண்றாங்கன்னு பெட்டிப் பக்கமே வர்றதில்ல. வெளிய குழாயடியில உக்காந்து சாப்பிடுது."

மறுநாளே ஓடினேன். தொழிற்சாலை வாசலில் தங்கையைப் பார்த்தேன். பல்பைச் சுற்றும் காகிதத் துணுக்குகள் புடவையெல்லாம் ஒட்டியிருந்தன. நான் வாய் திறந்ததுமே குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதானா அது?"

"தெரியாம பேசிட்டேன்மா. மன்னிச்சிடுங்க."

"தெரியாமதான் பேசுனீங்க, சரி. ஆனா ஊரே கேக்கப் பேசுனீங்க. மன்னிப்பு மட்டும் வாசல்ல நின்னு எங்கிட்ட தனியாவா? அதையும் ஊரே கேக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்மா. இந்த வாரமே சொல்றேன்."

சொன்னேனா? சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிவாங்கி காத்திருந்தது. நாக்கு எழவில்லை, ஐயா! வேலை போய்விடுமோ என்ற அச்சமா? அதுவும் உண்டு. ஆனால் பெரிய காரணம், புகழ். சிரிக்க வைத்தவன் தலைகுனிந்தால் யார் மதிப்பார்கள்? அதனால் தேன் குழைத்த குரலில், "மூன்றாம் மேசைக்கு நம் அன்புப் பரிசு" என்று அந்தப் பாட்டை மட்டும் போட்டேன். பிராயச்சித்தம் முடிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

முடிந்ததா? கேலியின் அடுத்த பகுதி என்றே எல்லோரும் நினைத்தார்களாம். தொழிற்சாலையே மேசையைத் தட்டிச் சிரித்ததாம். அந்த மாதமே அக்காவும் தங்கையும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். எங்கே போனார்கள்? தெரியாது. தேடினேனா? தேடவில்லை. தேடாததற்கு அறுபது ஆண்டுகளாக ஒவ்வொரு காரணமாகச் சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

தாய்மார்களே! அந்தப் பாட்டை நான் நூறு முறை ஒலிபரப்பியிருக்கிறேன்; ஒருமுறைகூடக் கேட்டதில்லை. காது கேளாத அந்த அம்மையார்தான் கேட்டார். காதிருந்த நான் கெடுத்தேன். என் குரலுக்கு இந்த ஊர் கொடுத்த பெருமையெல்லாம் அவருடைய கையைப் பெட்டியிலிருந்து எடுக்கவைத்துப் பெற்றது!

வாசலில் அன்று கொடுத்த வாக்கை இப்போது நிறைவேற்றுகிறேன். மூன்றாம் மேசை அக்கா, நான் செய்தது தவறு. தங்கச்சி, நீங்கள் கேட்டது நியாயம். இரண்டு பேரும் என்னை மன்னியுங்கள்.

அவர்கள் இருக்கிறார்களோ இல்லையோ, அறியேன். மன்னிப்பார்களா? அதைக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை. கேட்டுக்கொண்டிருந்த உங்களிடம் ஒன்றே ஒன்று. வீட்டுக்குப் போனதும், "இன்று ஒருவன் மேடையேறி மன்னிப்புக் கேட்டான்" என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். கேலி போன தூரத்தில் பாதியாவது இது போகட்டும்.

இடையில் எழுந்து போகாமல் இருந்தீர்களே, அதற்கு நன்றி. இப்போதும் கைதட்ட வேண்டாம். வணக்கம்.